மென்மை குறைவன்று

தமிழ் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாகப் பகுத்த இலக்கண நூலார், அவற்றுக்கு மாத்திரை வகுத்த இடத்தில் அம்மூன்றுக்கும் வேற்றுமை காட்டவில்லை. ககர மெய்யாயினும், ஙகர மெய்யாயினும், யகர மெய்யாயினும், குறுக்கம் போன்ற சிறப்பு விதிகளை விடுத்தால், ஒவ்வொன்றும் அரை மாத்திரையே ஒலிக்கும். ஓசையில் வன்மை உண்டு, மென்மை உண்டு. அளவில் ஏற்றத்தாழ்வு இல்லை. தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவர் இதனை எளிதிற் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும், அவர்களே வளர்ந்து இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் அமிலம், காரம், உப்பு என்னும் பாடத்துக்கு வரும்பொழுது, இதே உண்மை வேறொரு கோலத்தில் எதிர்ப்பட, அவர்களுட் பலர் திகைத்து நிற்கின்றனர்.

ஆய்வுக்கூட மேசையில் இரண்டு கூம்புக் குடுவைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் 25 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றொன்றில் 25 மில்லிலிட்டர் அசிட்டிக் அமிலம். இரண்டின் செறிவும் 0.1 மோலார். முன்னது வன்னமிலம், பின்னது மென்னமிலம், அதாவது சமையலறைப் புளிக்காடியாகிய வினிகரில் இருப்பது. மேலே பியூரெட்டில் எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசல், அதுவும் 0.1 மோலார் செறிவுடைய வன்காரம். எந்தக் குடுவை மிகுதியான காரத்தை வாங்கும்?

"மென்னமிலந்தானே, ஐயா? அதற்குக் காரம் குறைவாகத்தானே செல்லும்?" என்று மாணவர் கேட்பதுண்டு. அவ்வாறு கருதுவது இயல்பே. ஆனால் சோதனை வேறு விடை தருகிறது. வன்னமிலம் 25 மில்லிலிட்டர் காரத்தை வாங்குகிறது. மென்னமிலமும் அதே 25 மில்லிலிட்டரை வாங்குகிறது. ஒரு துளியும் குறைவதில்லை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, மென்மை என்னும் சொல் வேதியியலில் எதனைக் குறிக்கிறது என்று தெளிதல் வேண்டும். நீரிற் கரைந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அனைத்தையும் ஒருங்கே வெளிவிட்டுவிடுகிறது. அசிட்டிக் அமிலமோ, மேற்கூறிய செறிவில், ஆயிரம் மூலக்கூறுகளுள் ஏறத்தாழ 13 மட்டுமே பிரிந்து அயனிகளாக நிற்க, ஏனையவற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. அதனாலேதான் முன்னதன் பி.எச். மதிப்பு 1 ஆகவும், பின்னதன் மதிப்பு ஏறத்தாழ 2.9 ஆகவும் அமைகின்றன. காரம் ஒரு துளி விழுந்து வெளியில் நிற்கும் அயனிகளைக் கவர்ந்தவுடன், அடங்கியிருந்தவற்றுட் சில அந்த இடத்தை நிரப்ப வெளிவருகின்றன. மறுதுளி விழ, மேலும் சில வருகின்றன. இவ்வாறு கடைசி மூலக்கூறு வரை நிகழ்கிறது. சிறிய வாயையுடைய பத்தாயத்திலிருந்து நெல் கொஞ்சங்கொஞ்சமாகவே விழும். அதனால் பத்தாயத்தில் நெல் குறைவென்று எவரும் சொல்வதில்லை. ஆகவே, பி.எச். மதிப்பு உரைப்பது அந்த நேரத்தில் வெளியே நிற்பதன் அளவு. தரம்பார்த்தல் உரைப்பது உள்ளிருப்பும் சேர்ந்த முழு அளவு. மென்மை வேறு, குறைவு வேறு. நீர்த்த வன்னமிலமும் உண்டு. செறிந்த மென்னமிலமும் உண்டு.

நிறங்காட்டியின் தேர்வு

அளவு ஒன்றேயாயினும், அதனைக் கண்டறியும் வழி இரண்டுக்கும் ஒன்றன்று. வன்னமிலத்தை வன்காரத்தால் தரம்பார்க்கையில், இரண்டும் சமமாகும் புள்ளி பி.எச். 7 இல் அமைகிறது; அவ்விடத்தில் ஏற்படும் தாவல் மிகப் பெரிது. எனவே மெத்தில் ஆரஞ்சு, பினாப்தலின் ஆகிய இரண்டுள் எதனை இட்டாலும் பெரும்பிழை நேராது. மென்னமிலத்தின் நிலை அதுவன்று. அது முற்றும் காரத்தோடு கூடியபின் எஞ்சும் உப்பாகிய சோடியம் அசிட்டேட்டு, நீரிற் சிறிது காரத்தன்மை காட்டும். ஆதலால் சமானப் புள்ளி ஏறத்தாழ 8.7 இல் விழுகிறது. பி.எச். 8.3 அளவில் இளஞ்சிவப்பாகத் தொடங்கும் பினாப்தலினே அதற்கு ஏற்றது.

மெத்தில் ஆரஞ்சை இட்டால் என்ன ஆகும்? அதன் நிறமாற்றம் 3.1 க்கும் 4.4 க்கும் இடையில் நிகழ்ந்து முடிந்துவிடும். அசிட்டிக் அமிலக் கரைசலில் ஏறத்தாழ 8 மில்லிலிட்டர் காரம் சேர்வதற்குள் அது முழு மஞ்சளாகிவிடும். பார்ப்பவர் "முடிந்தது" என்று திருகை அடைத்து, 25 என்று எழுத வேண்டிய இடத்தில் 8 என்று எழுதிவிடுவார். பியூரெட்டிற் பழுதில்லை, காரத்திற் பழுதில்லை, அமிலத்திலும் குறையில்லை. ஏனைய 17 மில்லிலிட்டருக்குரிய அமிலம் குடுவைக்குள்ளேயே இருக்கிறது. அதனைக் கேட்கத் தெரியாத காட்டியிடம் கேட்டதே பிழை.

மென்னமிலத்தின் தரம்பார்த்தலிற் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் ஒன்றும் உண்டு. 2.5 மில்லிலிட்டர் காரம் சேர்ந்தபோது பி.எச். ஏறத்தாழ 3.8, 22.5 மில்லிலிட்டர் சேர்ந்தபோது ஏறத்தாழ 5.7. இருபது மில்லிலிட்டர் காரம் சென்றும் இரண்டு அலகு அளவுக்கே அது நகர்ந்திருக்கிறது. வேதியியலார் இதனைத் தாங்கல் நிலை என்பர். பின்னர், 24.9 க்கும் 25.1 க்கும் இடைப்பட்ட நான்கே துளிகளில், 7.2 இலிருந்து 10.3 க்கு அது தாவிவிடுகிறது. மாற்றம் கண்ணுக்குப் புலப்படாத நெடிய காலத்திலேதான் பெரும்பாலான வேலை நடந்து முடிகிறது.

இங்குப் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஈர்த்துக்கொள்ளும் இயல்பினது. நிறுத்தெடுத்த எடையை நம்பி அதன் செறிவை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதன் உண்மைச் செறிவை அறிய ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக நாடுவது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டு என்னும் வெண்ணிறப் படிகத்தை. அது தூயதாகக் கிடைக்கும்; காற்றில் எளிதில் மாறாது; துல்லியமாக நிறுக்கத் தகுந்தது. அதுவும் ஒரு மென்னமிலமே. வலிய காரத்துக்கு அளவுகோலாய் நிற்பது மென்மையானது என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுதல் தகும்.

தோட்டத்துக் குலையும் ஆய்வுக்கூடத் துளியும்

இச்சோதனை தேர்வுக்கென ஏற்பட்ட வெறும் பாடமன்று. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாய்ச் செய்த உழைப்பு, நாள்தோறும் இதே சோதனையால்தான் அளக்கப்பட்டு வந்திருக்கிறது.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917 இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. அதனை நிறுவியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1960 களிலிருந்து ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. பால்மரம் சீவிய கைகள் குலை வெட்டப் பழகின. நீண்ட கம்பில் அரிவாளைப் பிணைத்து, அண்ணாந்து குலையை அறுத்து வீழ்த்துவதும், சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதும் அன்றாட வேலையாயின. இன்று அவ்வேலையிற் பெரும்பகுதியை அயல்நாட்டுத் தொழிலாளர் செய்கின்றனர். தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாயின. ஆயினும் கேரித் தீவில் இன்றும் செம்பனை நிற்கிறது. 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய கிள்ளான் துறைமுகத்தின் வழியாக எண்ணெய் கடல் கடக்கிறது.

செம்பனைப் பழத்தின் சதையில் கொழுப்பும் உண்டு. கொழுப்பைப் பிளக்கும் லைப்பேஸ் என்னும் நொதியும் உண்டு. பழம் நசுங்காதவரை இரண்டும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும். குலை உயரத்திலிருந்து விழுந்து பழம் நசுங்கினாலோ, மிகப் பழுத்து நெடுநேரம் தரையிற் கிடந்தாலோ, நொதி கொழுப்போடு கலந்து அதனைப் பிளக்கிறது. அப்போது பிறப்பனவே தனிக்கொழுப்பமிலங்கள். அவை மென்னமிலங்கள். ஆலையில் நீராவியால் வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். ஆகையால், வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்த்துவிட வேண்டுமென்பது இத்தொழிலின் பொதுவிதி. கச்சாச் செம்பனை எண்ணெயில் இவ்வமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது வணிகத்தில் வழக்கமாயுள்ள வரம்பு.

அதனை அளப்பது எங்ஙனம்? எண்ணெய் நீரிற் கரையாது. அதில் லிட்மஸ் தாளைத் தோய்த்தாற் பயனுள்ள விடை எதுவும் கிடைக்காது. எனவே ஐசோபுரோப்பனால் போன்றதொரு கரைப்பானை எடுத்து, அதில் இயல்பாக இருக்கக்கூடிய சிறிதளவு அமிலத்தையும் முன்கூட்டியே நடுநிலைப்படுத்திக்கொண்டு, அதில் நிறுத்த எண்ணெயைச் சூடாக்கிக் கரைக்கின்றனர். பினாப்தலின் சில துளிகள் இட்டு, எரிசோடாக் கரைசலைத் துளித்துளியாய்ச் சேர்க்கின்றனர். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் நிலைத்து நின்றால் அதுவே முடிவுப் புள்ளி. எண்ணெயிற் பலவகை அமிலங்கள் கலந்திருப்பினும், வழக்கத்துக்காக எல்லாவற்றையும் பால்மிட்டிக் அமிலமாகக் கருதிக் கணக்கிடுவர். 5 கிராம் எண்ணெயில் 5 விழுக்காடு அமிலம் இருப்பின், 0.1 மோலார் காரம் ஏறத்தாழ 9.8 மில்லிலிட்டர் செல்லும்; 3 விழுக்காடாயின் 5.9 மில்லிலிட்டர் போதும்.

இவ்வெண் உண்மையில் எதனைக் காட்டுகிறது? குலை வெட்டப்பட்ட வேளைக்கும் நீராவிக் கலத்துள் நுழைந்த வேளைக்கும் இடையே அப்பழம் பட்ட பாட்டை அது தொகுத்துக் காட்டுகிறது. ஆனால் காரணத்தை அது கூறுவதில்லை. வெட்டியவர் தாமதித்தாரா, லோரி வரவில்லையா, மழையில் தோட்டப்பாதை சேறாயிற்றா, ஆலை வாயிலில் வண்டிகள் வரிசையில் நின்றனவா என்பதைப் பியூரெட் அறியாது. அளவைச் சொல்வது கருவியின் வேலை. காரணத்தைத் தேடுவது மனிதரின் வேலை. எண் ஒன்று கையிற் கிடைத்தவுடன் அதனை அடிமட்டத்திலிருப்பவரின் தலையில் ஏற்றிவிடுதல் அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

செம்பனைக்கு முன்னர் இந்நாட்டுத் தமிழரின் வாழ்வைத் தாங்கிய ரப்பர் பாலிலும் இதே கதையுண்டு. காலையில் மங்கில் வடிந்த பால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. பாலிலுள்ள சர்க்கரைப் பொருள்களை அவை உண்டு, அசிட்டிக் அமிலம் முதலிய ஆவியாகும் அமிலங்களைத் தோற்றுவிக்கின்றன. பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு. அம்மோனியா சேர்ந்தபின் பால் காரத்தன்மையே காட்டும். உள்ளே அமிலம் உண்டாகியிருப்பது வெளித்தோற்றத்திற் புலனாகாது. அதனை அறிய, பாலின் நீர்ப்பகுதியைப் பிரித்து, கந்தக அமிலம் சேர்த்து, நீராவியால் மென்னமிலங்களை வடித்தெடுத்து, பினாப்தலினைக் காட்டியாகக் கொண்டு பேரியம் ஹைட்ராக்சைடு என்னும் வன்காரத்தால் தரம்பார்ப்பர். பால் நன்கு பேணப்பட்டதா என்பதற்கு அவ்வெண்ணே சான்று.

தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தாலும் இந்த அமிலம் கூடவே வருகிறது. ரயில்வே ஊழியரின் குடியிருப்புகளோடு வளர்ந்த பிரிக்பீல்ட்சின் தெருவோரக் கடைகளில் வடையும் பஜ்ஜியும் பொரியும் எண்ணெய் பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். சுத்திகரிப்பு ஆலையில் நீராவி செலுத்தி, அதன் தனிக்கொழுப்பமிலத்தை ஏறத்தாழ 0.1 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடுகின்றனர். அதே எண்ணெய் வாணலியில் மீண்டும் மீண்டும் காய்ந்து, மாவின் ஈரமும் அதிற் சேரும்பொழுது, கொழுப்பு மறுபடியும் பிளந்து அமிலம் ஏறுகிறது. புதிய எண்ணெயையும் பலமுறை காய்ந்த எண்ணெயையும் அருகருகே வைத்துத் தரம்பார்த்துக் காட்டினால், பாடநூலின் பத்துப் பக்கங்கள் உணர்த்தாததை மாணவர் ஒரு மணி நேரத்தில் உணர்வர்.

சொல்லும் பொருளும்

இப்பாடத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று ஐயுறுவாரும் உளர். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. தமிழ்நாட்டார் தரம்பார்த்தல் என்பதை இலங்கையார் நியமிப்பு என்பர். பியூரெட்டை அளவி என்றும், பிப்பெட்டைக் குழாயி என்றும் அவர்கள் வழங்குவர். வன்னமிலம், மென்னமிலம் என்னும் சொற்கள் வல்லினம், மெல்லினம் என்பவற்றின் உடன்பிறப்புகள்போல் ஒலிப்பதே அவற்றின் சிறப்பு.

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவரோ, ஆறாண்டு தமிழிற் பயின்றபின் மலாய்மொழி வழியே இடைநிலைக் கல்வியைத் தொடர்கின்றனர். 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்காகவில்லை. 2009 இல் அம்முடிவு கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2016 இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. மொழி மாறும்பொழுதெல்லாம் சொற்கள் மாறும். ஆனால் மென்மை குறைவன்று என்னும் கருத்து தாய்மொழியில் ஒருமுறை வேரூன்றிவிட்டால், பின்னர் எம்மொழிச் சொல்லும் அதன்மேல் எளிதிற் படரும். மாத்திரைக் கணக்கைச் சொல்லித் தொடங்கும் தமிழாசிரியர், தம்மை அறியாமலே வேதியியல் ஆசிரியருக்குத் துணைசெய்தவராவார்.

இங்கு வேதியியலுக்கு அப்பாற்பட்ட செய்தி ஒன்றும் உண்டு. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோருள் மலாய் மொழியிற் போதிய தேர்ச்சி பெறாதாரை முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்த்தும் முறை நெடுங்காலம் இருந்தது. மொழிப் பயிற்சிக்கென ஏற்பட்ட அவ்வகுப்பை அறிவுக்குறைவின் அடையாளமாகக் கருதினோர் பலர். புதிய மொழியில் வாய்திறக்கத் தயங்கும் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு அறிவியல் வராது" என்று முதற்பருவத்திலேயே முடிவுகட்டுவது, மென்னமிலத்தில் மெத்தில் ஆரஞ்சை இட்டு 8 என்று எழுதுவதற்கு ஒப்பாகும். அந்த எட்டைக் கண்ட பெற்றோர் நம்பிவிடுகின்றனர், பிள்ளையும் நம்பிவிடுகிறான். நான்காம் படிவத்தில் அறிவியற் பிரிவின் வாயில்வரை வந்து, உள்ளே செல்லாமல் திரும்பிவிடுகிறான். எஞ்சிய பதினேழையும் எவரும் கேட்டுப் பார்க்கவேயில்லை.

எனினும் இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. குடுவையிலுள்ள அமிலத்தின் அளவு பிப்பெட்டிலிருந்து இறங்கியபோதே முடிவாகிவிட்டது. தரம்பார்த்தல் அதனைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மாணவனின் அளவு அவ்வாறு முடிவானதன்று, கற்பித்தலால் வளர்வது. ஆதலால் வேதியியல் ஆய்வாளருக்கு இல்லாத பொறுப்பு ஒன்று ஆசிரியருக்கு உண்டு. ஆய்வாளர் அளந்தாற் போதும். ஆசிரியர் அளக்கவும் வேண்டும், வளர்க்கவும் வேண்டும். வளர்வதற்குமுன் அளந்து முடித்துவிடாதிருக்கவும் வேண்டும்.

தரம்பார்த்தலின் செய்முறைக் குறிப்புகளில் நிறங்காட்டியின் பெயர் பெரும்பாலும் ஒரு சிறு வரியாகவே அச்சிடப்பட்டிருக்கும். மாணவரும் அதனைப் படித்தவாறே கடந்து, திருகைத் திறந்துவிடுகின்றனர். திறக்குமுன் ஆசிரியர் அவர்களை ஒரு கணம் நிறுத்தி, "எந்தக் காட்டி? ஏன் அது?" என்று கேட்டு விடை பெறுவாராயின், அன்றைய பாடத்தின் பாதியை அப்போதே கற்பித்துவிட்டார் எனலாம். மறுபாதியைப் பியூரெட் தானே கற்பிக்கும்.